தெஹிவளைக்கு நேரே

டொலரில் காசு கட்டியவள் நிரோதினி.
"தீவு தீவாய்த் தாவலாம் எண்டாங்களே,
எங்க தீவு?"
மெர்வின் என்ஜினை அணைத்தான்.
"கொழும்பில ஏது மிஸ்.
கல்லுத்தான் இருக்கு."

கல்லுக்கு மேல் இறங்கினோம்.
வாடகைக் கண்ணாடிக்குள் யாருடையதோ பழைய உப்பு.
குழாயில் என் மூச்சு
பக்கத்து அறை நோயாளியின் மூச்சாய்க் கேட்டது.
கீழே ஒரு கிளிமீன்
பவளம் கடித்துக்கொண்டிருந்தது,
முறுக்குத் தின்னும் பிள்ளையின் சத்தத்தோடு.
அதனருகே ஷாம்பூப் பக்கற்,
நாங்கள் வாங்கும் அதே வகை.

தலையைத் தூக்கினேன்.
அலைக்கொருதரம் வெள்ளவத்தை தெரிந்தது.
தண்டவாளமில்லாமல்
தண்ணீர்மேல் போனது காலிக் கோச்சி.
ஒன்பதாம் மாடியில் ஒரு நீலப் புள்ளி,
நான் எடுக்க மறந்த துவாயாக இருக்கவேண்டும்.
இருபத்திரண்டு வருடம்
அங்கிருந்து இங்கே பார்த்தவள் நான்.
படகு கண்டால்
யாரோ காசுள்ளவர் என்று
யன்னலைச் சாத்தியவள்.

"அந்தா," என்றேன்,
"நீ கேட்ட தீவு."
குழாயைக் கடித்தபடி நிரோதினி ஏதோ சொன்னாள்.
விளங்கவில்லை.

மெர்வின் மணிக்கூட்டைப் பார்த்தான்.
இன்னும் நாற்பது நிமிடம்
கடல் எங்களுடையது.