நானூற்று எண்பது கிராம்

கம்பெனித் தராசில் வைத்தே எடை பார்த்தேன்.
துணி, கயிறு, இரண்டு கொக்கி, பட்டை நாடா:
நானூற்று எண்பது.
மழைக்கான மேல்விரிப்பு தனி.
"என் டிபன் டப்பா இதைவிடக் கனம்"
என்றாள் பக்கத்து மேசை ஹேமலதா.

ஓசூரில் ஏறி, தருமபுரியில் மாறி,
வத்தல்மலை அடிவாரம்வரை பஸ். மீதி கால்.
கொண்டையூசி வளைவுகளைக் குறுக்கே வெட்டும்
ஒற்றையடித் தடத்தில்
முதுகுப்பை ஒரு தடவைகூட
என்னைப் பேர்சொல்லிக் கூப்பிடவில்லை.

மேலே எல்லாம் சரிவு. காப்பிச்செடி, கல்.
கூடாரம் கொண்டுவந்திருந்தால்
இரவு முழுக்கச் சறுக்கியிருப்பேன்.
எனக்குச் சமதளம் வேண்டாம்.
ஐந்து தப்படி தள்ளி நிற்கிற
இரண்டு மரம் போதும்.
தலைக்குமேல் காய்ந்த கிளை கூடாது,
எறும்புச் சாரி கூடாது,
மிளகுக்கொடி ஏறியிருக்கக் கூடாது.
பொழுது சாயும் நேரம் கிடைத்தன
இரண்டு சில்வர் ஓக்.

"ஏணையா? புள்ள எங்க?"
என்றார் காப்பிக்காரர் தீர்த்தகிரி.
நான்தான் என்றேன்.
சிரிக்கவில்லை.
"இந்த மரம் என்னுது, கட்டிக்க.
அது தம்பிது. அவங்கிட்டக் கேட்டுக்க.
நாங்க பேசறதில்ல."
அப்போதுதான் பார்த்தேன்,
நடுவில் சுண்ணாம்பு பூசிய கல்.

நரைத்த மீசையோடு சின்னப்பையன்
கல்லைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார்.
"தரையில படுமா?"
"படாது."
"அப்புறம் எங்கிட்ட எதுக்குக் கேக்கற?
காத்துக்கு இன்னும் பட்டா போடல."

மரத்தோல் அறுபடாமல் நாடாவைச் சுற்றினேன்.
கயிற்றின் சரிவுக்கு
கட்டைவிரலும் சுட்டுவிரலும் விரித்த அளவு.
இருபுறமும் ஒரு முழ நூல் தொங்கவிட்டேன்,
கயிறு வழியே வரும் மழை
என்னிடம் வருமுன் அதில் இறங்கிக்கொள்ள.
நேராகப் படுத்தால் உடம்பு வாழைப்பழம்,
மூலைவாட்டில் படுத்தால் முதுகு நிமிரும்.
அப்படித்தான் படுத்தேன்:
தலை அண்ணன் பக்கம்,
கால் தம்பி பக்கம்,
இடுப்புக்குக் கீழே கல்.

குளிர் மேலிருந்து வருமென்றுதான்
எல்லோரும் போர்வை தருகிறார்கள்.
தொங்குகிறவர்களுக்கு அது கீழிருந்து வரும்.
பத்து மணிக்கு முதுகைத் தொட்டது,
பன்னிரண்டுக்கு எலும்பு எலும்பாக எண்ணியது.
இருநூறு கிராம் மிச்சமென்று
நுரைப்பாயை வீட்டில் விட்டுவந்தவள் நான்.
அந்த இருநூறு கிராமைத்தான்
விடியும்வரை சுமந்தேன்.

பிறகு மழை.
விரிப்பின்மேல் விழுந்து நூலில் வடிந்து
என்னைத் தவிர எல்லாவற்றையும் நனைத்தது.
தலைமாட்டில் ஒரு டார்ச் வந்தது.
நாடாவை யாரோ அழுத்திப் பார்த்தார்கள்.
போய்விட்டார்கள்.
கொஞ்ச நேரம் கழித்துக் கால்மாட்டில்
பீடி வாசனை,
முடிச்சை ஒருமுறை சுண்டி இழுத்த கை.
இரண்டு வெளிச்சமும் கல்லைத் தாண்டவில்லை.
ஆனால் அவர் அழுத்தியது என் குதிகாலுக்கு வந்தது,
இவர் இழுத்தது பிடரிக்கு.
தூங்குவதுபோலக் கிடந்தேன்.

விடிந்ததும் அவிழ்த்தேன்.
நனைந்த மரங்களில், ஒரே உயரத்தில்,
இரண்டு விரல் அகலத்துக்கு ஈரமில்லாத வளையம்.
தீர்த்தகிரி வரக்காப்பி நீட்டினார்.
"ராத்திரி அவன் வந்தானா?"
கீழ் வளைவில் சின்னப்பையன்,
தோளில் மண்வெட்டி.
"அண்ணன் எதாச்சும் சொன்னாரா?"
வந்தார் என்று அங்கே சொன்னேன்.
ஒன்றும் சொல்லவில்லை என்று இங்கே சொன்னேன்.
இரண்டும் உண்மை.

திங்கட்கிழமை மறுபடி தராசில் வைத்தேன்.
அறுநூற்று முப்பது.
"எப்படிக் கூடிச்சு?" என்றாள் ஹேமலதா.
மழை என்றேன்.
காயப்போட வேண்டும்.
அடுத்த தடவை நுரைப்பாய் மறக்கக் கூடாது.