எத்தனை வேளை

மருத்துவர் ஃபோக்கமாவின் கையெழுத்து
இன்றைக்கு மட்டும் தெளிவாக இருந்தது.
ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக,
பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதினாற்போல.

ஹார்லிங்கன் துறைமுகத்தில் மருந்துக்கடை திறந்து
இருபத்திரண்டு வருஷமாகிறது எனக்கு.
த்யாலிங் ஹோக்ஸ்மா முதல் வாரமே வந்தவர்.
தீவுக்குப் போகும் படகில் எஞ்சின் பார்ப்பவர்.
இரத்த அழுத்தத்துக்கு வெள்ளை மாத்திரை.
டீசல் நாறும் விரலால் அட்டையைப் புரட்டி
காலாவதித் தேதியைத் தேடுவார்.
"என்னைவிட இது அதிக நாள் இருக்கும் போலிருக்கே, வீட்ஸ்கே."
ஒவ்வொரு தடவையும் அதே பகடி.
ஒவ்வொரு தடவையும் சிரித்து வைப்பேன்.

இப்போது அந்த விரல்கள் மடங்குவதில்லை.
நாக்குக்கும் தொண்டைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
இமையால் எழுத்தெழுத்தாக விண்ணப்பித்தார்.
வேற்றூரிலிருந்து இன்னொரு மருத்துவர் வந்து
தனியறையில் கேட்டுப் போனார்:
யாராவது சொல்லிக்கொடுத்தார்களா?
பாரமாக இருக்கிறோம் என்றா?
ஒரு பதிலுக்கு நாற்பது நிமிடமாம்.

சட்டம் என்னை வற்புறுத்தவில்லை.
முடியாது என்று நான் சொல்லலாம்.
ஈட்ஸ் சொன்னான், என்னிடம் வேலை பார்ப்பவன்,
ஞாயிறு இரண்டு வேளையும் தேவாலயம் போகிறவன்.
"கொடுத்தவன் எடுத்துக்கொள்வான், நடுவில் நாம் எதற்கு?"
அவ்வளவுதான்.
பிறகு எனக்குக் காப்பி போட்டு வைத்துவிட்டு
இருமல் மருந்து அடுக்கப் போனான்.

நடுவில்தானே, ஈட்ஸ், இத்தனை வருஷம் நிற்கிறோம்?
கொடுத்தவன் எடுக்க வந்த ஒவ்வொரு தடவையும்
மாத்திரையைக் காட்டி வாசலில் மறித்தது யார்?
சொல்லவில்லை.
காப்பி நல்ல சூடாக இருந்தது.

கலப்பது கடினமில்லை.
எப்போதும் இரண்டு பெட்டி, ஒன்று தவறினால் மற்றொன்று.
கணினிதான் தகராறு செய்தது.
பெயர் கேட்டது, கொடுத்தேன்.
ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்றது.
எத்தனை நாளைக்கு என்றது.
உணவுக்கு முன்னா பின்னா என்றது.
விருந்துக்கும் மருந்துக்கும் மூன்று நாள் கணக்குண்டு,
இதற்கு எதை அடிப்பது?
காலியாக விட்டால் சிட்டை அச்சாகாது.
கட்டத்துக்குள் ஒரு கோடு இமைத்தபடி காத்திருந்தது.
இமைப்பதே பேச்சாகிப்போன ஒருவர்
ஐந்து தெரு தள்ளிப் படுத்திருந்தார்.
கடைசியில்
'மருத்துவர் சொன்னபடி' என்று அடித்தேன்.
பொய்யில்லை.
ஆனால் சொன்னது மருத்துவரா?

வியாழன் இரண்டு மணிக்கு ஃபோக்கமா எடுத்துப்போனார்.
நாலரைக்குத் திரும்பி வந்து
இரண்டு பெட்டியையும் மேசையில் வைத்தார்.
முத்திரை உடையவில்லை.
"கால்வாய் உறைந்துவிட்டது" என்றார்.
"ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் சறுக்குகிறார்கள்.
அது உருகுகிறவரை பார்க்கிறேன் என்கிறார்."

ஈட்ஸ் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றான்.
அவன் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன்.
என்னுடையவையும்.
யார் பக்கம் நியாயம் என்று
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பதினோரு நாள் உறைந்திருந்தது.
இந்தக் காலத்தில் அது அதிசயம்.
பன்னிரண்டாம் நாள் மழை.
மறுபடி சீட்டு வந்தது, அதே தெளிவான எழுத்தில்.
இந்தத் தடவை ஒரு பெட்டி மட்டும் திரும்பியது.

மார்ச்சில் அவர் மகள் ரெய்னூ வந்தாள்,
மிச்ச மாத்திரைகள் ஒரு ரொட்டிப் பையில்.
கடைசிவரை அவள் சம்மதிக்கவில்லை என்பது
ஊருக்கே தெரியும்.
அவள் கையைப் பிடித்தபடிதான் அவர் போனார் என்பதும்.

"நீங்கள்தானா?" என்றாள்.
"ஆமாம்."
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
நன்றி சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.
பையைத் தள்ளிவைத்துவிட்டு
தன் பிள்ளையின் காதுவலிக்குச் சொட்டு மருந்து கேட்டாள்.

அழிக்குமுன் எண்ணவேண்டும், விதி.
ஈட்ஸ் எண்ணினான். முப்பத்தொன்று என்றான்.
நான் கணினியில் அடித்தேன்:
மூன்று துளி, இரண்டு வேளை, ஐந்து நாள்.
சிட்டை உடனே வந்தது.