பதினேழாம் நாடா

அடிஸ் அபாபாவில் எங்கள் சங்கத்துக் கூரைத் தகரம்
ஜூலை மாதம் யாரையும் பேசவிடாது.
ஒரு பிஸ்கட் டப்பா, உள்ளே நாற்பத்தொரு ஒலிநாடா.
ஆர்மேனியர் என்று எழுபத்து மூன்று பேர் மிச்சம்;
அதில் காது சரியாக இருப்பவள் நான் என்பதால்
வேலை என்னிடம் வந்தது.

பாட்டு இருக்கும் என்றார்கள்.
திருப்பலிப் பாடல், கல்யாண வாழ்த்து,
முதலில் வந்தவர்கள் கப்பலிறங்கிய கதை.
பணம் அனுப்பவிருக்கும் மார்செய் கனவானுக்கு
அதுதான் வேண்டுமாம்,
அரை மணி நேரம், இரைச்சல் நீக்கி.

இருந்ததெல்லாம் சண்டை.
ஏணியை யார் எடுத்துப்போனது என்று
மூன்றாம் நாடா முழுக்க.
திருப்பித் தந்தாயிற்று என்கிறார் கராபெத் பாகுமியான்.
வாகான் செஃபேரியான் இருமுகிறார்,
நம்பாதவன் இருமல்.
எண்ணுவது ஆர்மேனியத்தில், வைவது துருக்கியில்,
காபி கேட்க மட்டும் அம்ஹாரிக்.
நடுநடுவே மழை.
மழை பிடித்தால் வாக்கெடுப்பு நிற்கிறது.
தூக்கிய கைகளை என்ன செய்தார்களோ,
நாடாவில் தெரியவில்லை.

பதினேழு வேறு மாதிரி.
அரசாங்கம் எல்லாவற்றுக்கும் பட்டியல் கேட்ட வருஷம்.
வீடு, கடை, அச்சகம் முன்பே போயாயிற்று,
இனி சங்கத்துச் சாமான்.
ஒருவரும் குரல் உயர்த்தவில்லை.
செயலாளர் சொல்கிறார், யாரோ எழுதுகிறார்,
பேனா கீறுவதுகூடக் கேட்கிறது.
நாற்காலி நாற்பத்திரண்டு, ஒன்றுக்குக் கால் இல்லை.
மெழுகுத் தண்டு எட்டு.
பில்லியர்ட்ஸ் மேசை, கிழிந்த துணியோடு.
அப்புறம் அந்த... அதுதான்,
மண்ணெண்ணெய் ஊற்றுவோமே,
மேலே அகலம், கீழே ஒடுக்கம்.

துருக்கியில் ஒருவர் பெயர் சொல்கிறார்.
இத்தாலியத்தில் ஒருவர்.
நம் பாஷையில் எழுத வேண்டும், என்கிறார் செயலாளர்,
இதையாவது.
பதினொரு விநாடி.
திரும்பத் திரும்ப ஓட்டி எண்ணினேன்.

அடுக்களையிலிருந்து ஒரு பெண்குரல்,
பாத்திரம் துலக்குவதை நிறுத்தாமலே:
ட்ஸகார்.

பேனா கீறுகிறது.
அடுத்தது, என்கிறார் செயலாளர்.

அயலெச். சமையல்காரி.
குறிப்பேட்டில் அவள் பெயர்
சம்பளக் கணக்கில் மட்டும் வரும், இருபது பிர்.
பேசியோர் வரிசையில் பன்னிரண்டாவதாக எழுதினேன்.

செயற்குழு கூடியது, ஐந்து பேர்.
நல்ல பெண்தான், என்றாள் யெரானுஹி,
ஆனால் இது நம் பட்டியல்.
நல்லவளா என்று நான் கேட்கவே இல்லை.
மார்செய்க்காரர் குழம்புவார் என்றார் பொருளாளர்.
அந்தப் பதினொரு விநாடியில் நம்மில் ஒருவரும்,
என்று தொடங்கினேன்.
தகரம் முழங்கியது.
கேட்கவில்லை அவர்களுக்கு, அல்லது கேட்டது.
முடிவை ஒத்திவைத்தோம்.
தலைமுறை தலைமுறையாக எங்களுக்குக் கைவந்தது அது.

வியாழக்கிழமை கூரை மாற்ற ஆள் வந்தான்.
நான் கீழே நாடாவை ஓடவிட்டிருந்தேன்.
மேலே சுத்தியல் நின்றது.
இறங்கி வந்து வாசலிலேயே நின்றான்,
கையில் இரண்டு ஆணி.
அது என் அம்மா.

நான்கு முறை கேட்டான்.
ஐந்தாம் முறை சிரித்தான்.
எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர், என்றான் மெஸ்ஃபின்,
அம்மாவின் ஊர்ப்பக்கத்துச் சொல் என்றே நினைத்திருந்தோம்.
என் மகளும் அப்படித்தான் சொல்வாள்,
பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்களாம்.

என் வீட்டில் அதற்கு இம்பூத்தோ என்போம்,
இத்தாலியச் சொல்.
அவனிடம் சொல்லவில்லை.
பன்னிரண்டாம் வரியைப் பென்சிலில் எழுதியிருந்தேன்.
மையில் மேலெழுதினேன்,
அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

பொழுது சாய்ந்தது. பாதித் தகரம் பாக்கி.
உங்களிடம் ஏணி உண்டா என்று கேட்டான்.
இல்லை.
அப்படியானால் என்னுடையது இங்கேயே இருக்கட்டும்,
காலையில் வருகிறேன்,
யாரும் எடுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.