இரண்டாவது கேற்

மகபூலாவிலிருந்து பஸ் மூன்றேமுக்காலுக்கு வெளிக்கிடும்.
நாற்பத்தொரு பேர், ஐந்து பாஷை,
ஒருத்தரும் கதைப்பதில்லை.
முதலாவது கேற்றில் குவைத் பொலிஸ்.
கொட்டாவி விட்டுக்கொண்டே கை காட்டுவான்.
அங்கிருந்து அறுநூறு மீற்றர்
இரண்டு பக்கமும் வெறும் மணல்.
பிறகு இரண்டாவது கேற்.
அங்கே நாய் எங்களை மோந்து பார்க்கும்,
பஸ்ஸுக்கு அடியில் கண்ணாடி போகும்,
கண்மணியை ஒரு கருவி படிக்கும்.

நடுவில் கிடக்கிற அறுநூறு மீற்றர்
எந்த நாடு என்று இத்றீஸ் கேட்டான்.
சூடான்காரன், எங்களுக்குள்ளே படித்தவன்.
"இறங்கி நடந்து பார்த்தால் தெரியும்" என்றேன்.
இறங்க அனுமதியில்லை.

என் வேலை உடுப்பு எண்ணுவது.
போன கிழமை வடக்கே எல்லை தாண்டிப் போன சட்டைகள்
இந்தக் கிழமை என் மேசைக்கு வரும்.
மெஷின் அடைபடாமல் பொக்கற்றைப் புரட்டித் தட்டவேண்டும்.
கொட்டுவது முழுக்க இங்கத்தைய மணலில்லை.
சிலது விரலில் மாவாக ஒட்டும்.
வண்டல். இந்த நாட்டில் ஆறு கிடையாது.

ஒருநாள் மூன்று பேரீச்சங்கொட்டை.
ஒருநாள் ஒரு வீட்டுத் திறப்பு,
சிவப்பு நூலில் கட்டினது.
விதிப்படி பையிலிட்டு, நம்பர் எழுதி, மேலே கொடுத்தேன்.
என்னுடையது என்று ஒருத்தரும் வரவில்லை.

அந்த உடுப்பின் மணம் எனக்குப் புதிதில்லை.
பதினொரு வயதில், எங்கள் ஒழுங்கையிலும் வந்தார்கள்,
வேறு நாட்டார், அமைதி காக்க.
நானும் ஒரு செவ்வரத்தம்பூ எறிந்தேன்.
ட்ரக்கின் சில்லுக்குள் போய்விட்டது.
மூன்று மாதத்தில் எங்கள் வகுப்பு மேசைகள்
மண்மூட்டைக்கு முட்டுக்கொடுத்தன,
கொடிக்கயிற்றில் சட்டைகள் காய்ந்தன.
வரவேற்ற வாயாலேயே போ என்று சொல்ல
எவ்வளவு பேர் செத்தோம் என்று இங்கே எண்ணமாட்டேன்.
எண்ணுவது சம்பளத்துக்கு மட்டும்.

இந்த நாட்டையும் ஒருக்கால் பக்கத்து வீட்டுக்காரன் விழுங்கினவன்.
மீட்டுக் கொடுத்தவன்தான் உள்ளே இருக்கிறான்.
நன்றி என்பது
எத்தனை வருஷ வாடகை என்று
யாருக்கும் விளங்கவில்லை.

ஆவணியில் ஒருநாள் இரண்டாவது கேற்றில்
பலதியா அதிகாரி ஒருத்தர் நின்றார்.
வெள்ளைத் தோப், கையில் ஃபைல்,
ஒரு பெட்டியில் ஆறு வெறும் போத்தல்.
பேர் மிஷாரி, இத்றீஸ் அட்டையில் வாசித்தான்.
வேலிக்கு வெளியே வழிகிற எங்கள் சவர்க்காரத் தண்ணீரை
அதன் வாயிலேயே பிடித்துப் பரிசோதிக்க வேண்டுமாம்.
கடிதம் தூதரகம் வழியாக வரவேண்டும் என்றான்
இருபது வயதுப் பெடியன், மரியாதையாகத்தான்.
எங்களுக்குத் தடை திறந்தது.
கண்ணாடிக்குள்ளால் அவர் பார்த்தார்.
அவருடைய நாட்டுக்குள்ளே
அவரைத் தாண்டிப் போனேன்,
பாஸ்போர்ட்டைக் கம்பனி லாச்சிக்குள் வைத்திருக்கிற நான்.

பின்னேரம் திரும்பும்போதும் அவருடைய கார் நின்றது.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
போத்தல்கள் முன் சீற்றில், பெல்ட் போட்டபடி.

ஏன் செய்தேன் என்று கேட்டால் பதிலில்லை.
அடுத்தநாள் ஒரு லீற்றர் ஊத்தைத் தண்ணீரைப்
பிடித்து, மூடி, சோற்றுப் பைக்குள் வைத்து
வெளியே கொண்டுவந்தேன்.
போகிறவனை அவ்வளவாகச் சோதிப்பதில்லை.
நாய் மோந்துவிட்டுத் தும்மியது.

மிஷாரி பிறகு வரவில்லை.
மாற்றல் என்றார்கள், பதவி உயர்வு என்றார்கள்,
தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று
பேப்பரில் வந்ததாக ட்ரைவர் சொன்னான்.

போத்தல் என் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது.
மேலே நுரை அடங்கித் தெளிந்துவிட்டது.
அடியில் அரை விரல் மொத்தத்தில்
ஆறு இருக்கிற ஒரு நாடு.
கூட்டும்போது கால் பட்டால்
முழுக்கக் கலங்கும்.
பிறகு இரண்டு நாள் எடுக்கும்.