டேப்

ஃபோர்க்லிஃப்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.
மஞ்சள் பெயின்டில் நகம் கீறிய அளவு ஒரு கோடு,
அவ்வளவுதான்.

கோட்கா துறைமுகம், ஏழாம் கிடங்கு.
ஜனவரி. காலை எட்டரை, இன்னும் விடியவில்லை.
ஆள் உயரக் காகித உருளைகளுக்கு நடுவே ஒரு சந்து.
சந்தில் இல்போ
குனிந்து லேபிள் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தான்.

வெய்யோ பின்னோக்கி வந்தான்.
கண்ணாடியைப் பார்த்தான், தோளுக்கு மேலும் பார்த்தான்.
நாம் நடக்கிற வேகம்தான்.
நான்கு டன் நடந்தால் என்ன ஆகும் என்பதை
இனி இல்போவின் இடது கால் சொல்லும்.

வெய்யோ இன்னும் சீட்டை விட்டு இறங்கவில்லை.
பெல்ட்டைக் கூடக் கழற்றவில்லை.
சாவியை மட்டும்
வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீட்டுகிறான்.

படிவத்தில் ஒரு கேள்வி:
எச்சரிக்கை ஒலி வேலை செய்ததா?
ஆம், ஒரு கட்டம். இல்லை, ஒரு கட்டம்.

வேலை செய்தது.
மூன்று சுற்று சாம்பல் டேப்புக்கு அடியில்.
நவம்பரில் ஓர் இரவு ஷிஃப்டில்
மண்டையைக் குடைகிறதே என்று
நான் ஒட்டியது.
எல்லோரும் கைதட்டினார்கள்.
இல்போ எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தான்.

ஆம்புலன்ஸ் போனதும் உரித்துவிட்டேன்.
பசை
நகக்கண்ணில் இருக்கிறது, சோப்புக்கும் போகவில்லை.

மெர்வி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
என்னைப் பார்க்கிறாள்.
நான் கையைச் சட்டைப்பைக்குள் விடுகிறேன்,
எடுக்கிறேன்.

வெளியே பனியில்
யாரோ லாரியைப் பின்னால் எடுக்கிறார்கள்.
கீ... கீ... கீ...
எவ்வளவு தூரம் கேட்கிறது.