காற்றுப் பிரிந்தது

பதினோராம் கட்டில். பேரின்பராசா, நாற்பத்திரண்டு,
வெல்லாவெளி. வெட்டு மெசின் ஓட்டுகிறவர்.
முதுகு நோவுக்கு வெறும் வயிற்றில்
பெட்டிக்கடைக் குளிசை, இரண்டிரண்டாய்,
மூன்று போகமாக.

இரைப்பையைத் தாண்டி முதல் வளைவில்
ஒரு மிளகு நுழையும் ஓட்டை.
குடலுக்கு முன்னால் முந்தானை போலத் தொங்கும்
கொழுப்புத் திரையின் நுனியை இழுத்து
அதன்மேல் வைத்து மூன்று தையல் போட்டோம்.
வயிற்றைத் திறந்தபோதே அது பாதி வழி வந்து
ஓட்டையோரம் ஒட்டிக்கொண்டு நின்றது.
நோ எங்கேயோ அங்கே போய் ஒட்டுமாம்.
வகுப்பில் சொன்னபோது நான் நம்பவில்லை.

கை பட்ட குடல் கோபித்துக்கொள்ளும்.
சிறுகுடல் ஒரு நாளுக்குள் சமாதானமாகும்.
இரைப்பை மறுநாள்.
பெருங்குடல்தான் பிடிவாதம்,
மூன்றாம் நாள்வரை முகம் கொடுக்காது.

அதுவரை மூக்கில் குழாய், வாயில் ஒன்றுமில்லை.
எனக்கும் வாயில் ஒன்றுமில்லை.
நோன்பு பதினேழு.

காலைச் சுற்றில் பெரிய டொக்டர்
மட்டக்களப்புக்கே கேட்கிற மாதிரிக் கேட்பார்:
"காத்துப் பிரிஞ்சதா?"
பேரின்பராசா ஜன்னலைப் பார்ப்பார்.
மனைவி கோமளேஸ்வரி, தலைப்புக்குள் சிரித்தபடி,
"இன்னும் இல்ல டொக்டர்."

பின்னேரம் ஐந்தே முக்கால்.
தொப்புளுக்கு வலப்பக்கம் குழாயை வைக்கிறேன்.
மூன்று நிமிடம் கேளாமல்
சத்தமில்லை என்று எழுதக் கூடாது.
"மீன் பாடுதா?" என்கிறார்.
கல்லடிப் பாலத்தடியில்
துடுப்பைக் காதில் வைத்துக் கேட்டவர்களை நினைத்து.
"பேசாதீங்க. சம்மாந்துறையாளுக்கு
உங்கட மீன் பாடாது."
சிரிக்கப் போய்த் தையலைப் பிடித்துக்கொள்கிறார்.

இரண்டாவது நிமிடம்.
நீளமாய் ஒரு உருளல், தூரத்து உழவு மெசின் போல.
நிமிர்ந்தேன். பேனையைத் திறந்தும் விட்டேன்.
கோமளேஸ்வரிதான், மெதுவாக:
"அது உங்கட வயிறு, புள்ள."

வெறும் குடலில் ஒன்றரை மணிக்கொரு தரம்
ஒரு அலை கிளம்பும்.
மேலிருந்து கீழே கூட்டிக்கொண்டு போகும்:
சஹர் சோற்றின் மிச்சம், உதிர்ந்த தோல், விழுங்கிய எச்சில்.
யாரும் ஏவுவதில்லை. குடல் சுவருக்குள்ளேயே
அதற்கென்று நரம்பு; தலையிடம் கேட்காது.
வெட்டி எடுத்த துண்டொன்று தட்டில் கிடந்து
கொஞ்ச நேரம் ஊர்ந்ததைக் கண்டிருக்கிறேன்.
ஒரு வாய் கஞ்சி விழுந்தால் போதும்,
அலை விளக்குமாற்றை வைத்துவிட்டு
சமையலுக்குப் போய்விடும்.

ஆறேகாலுக்குப் பாங்கு.
வாட்டு மேசையில் ஒரு பேரீச்சம்பழம், ஒரு கோப்பைத் தண்ணீர்.
குடித்து முடியும்வரை
பதினோராம் கட்டிலுக்கு முதுகு காட்டி நின்றேன்.

மறுநாள் கொப்பியைத் திறந்தால்
இரவு நேர்ஸ் ஜெயசுதாவின் சாய்ந்த எழுத்து:
"4.10. காற்றுப் பிரிந்தது. சத்தமாக."
சத்தத்தை எழுத வேண்டுமென்று விதியில்லை.

நாலு பத்துக்கு நான் விடுதி அறையில்
ஆறிய சோற்றைத் தயிரில் பிசைந்துகொண்டிருந்தேன்,
அரைத் தூக்கத்தில், ருசி தெரியாமல்.

மணிக்கொரு தரம் முப்பது மில்லி தண்ணீர். அனுமதி.
அளவுக் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்குகிறார்.
குரல்வளை ஏறுகிறது, மூச்சின் வாசல் சாத்திக்கொள்கிறது,
மறுபடி இறங்குகிறது.
இனி அவருக்கு அதில் வேலையில்லை.
ஆனாலும் கண்ணை மூடி
அது போகிற இடமெல்லாம் கூடவே போகிறார்.

"இவ்வளவுதானா?" என்கிறார் திறந்து.

பன்னிரண்டாம் கட்டில் ஒன்றும் கேட்கவில்லை.
கோமளேஸ்வரி அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்,
காலையிலிருந்து நாலாவது ஆளுக்கு:
"நாலு பத்துக்கு."