பின்னேரச் சீனி

காலை ஆறரைக்கே வாங்கில் நிறைந்திருக்கும்
வெறுவயிறுகள்.
அக்கராயனிலிருந்து, முரசுமோட்டையிலிருந்து,
புன்னைநீராவியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவை.
கைமடக்கில் நரம்பு தேடுவேன்.
சாம்பல் மூடிக் குழாயில் இரத்தம் ஏறும்போதே
ஆராவது கேட்பார்கள்:
"மிஸ், இனித் தேத்தண்ணி குடிக்கலாமோ?"
"குடியுங்கோ. சீனி போடாதேங்கோ."
நாளுக்கு எழுபது தரம் சொல்லுகிறேன்.
எழுபது தரமும்
என் நாக்கின் அடியில் ஊறுகிறது.

நாலு மணிக்குக் கையெழுத்து வைத்தால்
ஸ்கூட்டி வீட்டுப் பக்கம் திரும்பாது.
கரடிப்போக்கில் ஒரு கடை.
பலகையில் இன்னும் வெதுப்பகம்,
வாசலில் நின்று கேட்பவர் வாயில் பேக்கரி.
கிம்புலா பணிஸை வாலில் தொடங்கவேண்டும்.
முதுகுச் சீனி பல்லில் நெரிபடும் சத்தம்
தலைக்கவசத்துக்குள் எனக்கு மட்டும் கேட்கும்.
தலையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று
ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.
தலை வீடு போய்ச் சேர்ந்ததில்லை.

டிப்போச் சந்தியில் புதுக் கடை,
கண்ணாடியும் குளிரும்.
நிதுஷனுக்கு என் பெயர் தெரியாது,
கிழமை தெரியும்.
செவ்வாயென்றால் ரிப்பன் கேக்கின்
பச்சைக் கரைத் துண்டு,
வெள்ளியென்றால் முட்டை போடாத வாழைப்பழக் கேக்.
விரதம் விரதம்தானே.
கேட்குமுன்னமே இடுக்கியைத் தூக்கிவிடுவான்.

சம்பளம் விழுந்த சனிக்கிழமை வவுனியா.
குருமன்காட்டுப் பக்கம்
சொக்லேட்டை நிறுத்து விற்கிற கடையொன்று.
அந்தப் பிள்ளை நீலக் கையுறை போட்டிருந்தாள்,
நான் போடுகிற அதே கையுறை, அதே அளவு.
இஞ்சி வைத்தது, கஜு வைத்தது,
ஒன்றும் வைக்காத கறுப்பு.
நூறு கிராம் என்றேன்.
தராசு நூற்றிப்பத்து காட்டியது.
"எடுக்கவோ அக்கா?"
எடுக்கவேண்டாம் என்பதை
ஒரு நோயாளியின் குரலில் சொன்னேன்.

பஸ்ஸில் குளிரூட்டி வேலைசெய்யவில்லை.
மாங்குளம் தாண்டும்போது பெட்டிக்குள்
எல்லாம் ஒன்றாகி ஒரு களி.
முறிகண்டியில் பஸ் நின்றது.
எல்லாரும் இறங்கித் தேங்காய் அடித்தார்கள்,
கச்சான் வாங்கினார்கள்.
நான் கடைசிச் சீற்றில் விரலால் வழித்து வழித்து,
பிள்ளையாருக்கு மற்றக் கையால் குட்டினேன்.

பிறகு ஒரு செவ்வாய்.
இருநூற்று நாற்பத்து மூன்று
கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது.
காலையில்தான் அச்சடித்துக் கொடுத்தேன்.
பூலோகசிங்கம், வயது நாற்பத்தாறு,
லான்ட்மாஸ்ரர் வைத்திருக்கிறவர்.
முழங்கை மடிப்பில் என் பஞ்சு ஒட்டியபடி.
எக்லயரில் கண் வைத்தவர் என்னைக் கண்டார்.
நான் தட்டை மறைக்கமுதல்
அவரும் என் தட்டைக் கண்டார்.

"பிள்ளைக்கு, மிஸ்."
"எனக்கும் பிள்ளைக்குத்தான்."
எனக்குப் பிள்ளையில்லை.
அவருடைய மகன் கனடாவில்,
அதைக் காலையில் ஊசி போகும்போது
அவரே சொன்னவர்.
இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்தோம்,
மற்ற மேசைகளில் இடம் இருந்தது.
அவர் கிறீமை முதலில் நக்கினார்.
நான் அப்படிச் செய்வதில்லை,
கிறீம் கடைசி.
அதைப்பற்றிக் கொஞ்சம் வாக்குவாதப்பட்டோம்.
காசைத் தான்தான் கொடுப்பேன் என்றார்.
விட்டேன்.

போன திங்கள், வரிசை தொடங்கமுன்
என் கையில் நானே குத்தினேன்.
பன்னிரண்டு மணித்தியால வெறுவயிறு, சத்தியமாக.
லேபலில் என்ன எழுதுவது?
பெயர்: பிள்ளை.
வயது: முப்பத்தொன்பது.
குழாயை வைத்து மூடியைச் சாத்தினேன்.

வெளியே ஆஸ்பத்திரிக் கேற்றடியில்
பாண் ஓட்டோவின் பாட்டு வந்து நின்றது.
வாங்கில் இருந்த வெறுவயிறுகள் எல்லாம்
ஒரு பக்கம் திரும்பின.

மெசினுக்கு இன்னும் ஏழு நிமிடம் வேணும்.
ஓட்டோ மூன்று நிமிடம்தான் நிற்கும்.